சாய்த்து நட்ட குச்சி

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வெயில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், நைனா எதை அளந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்வார். "ஒம்போது பத்து. புடிம்மா முனைய," என்று டேப்பின் முனையை அக்காவிடம் நீட்டினார். விடாத மழைக்குப் பிறகு வந்த வெயில் என்பதால் தெருவே வெளியே வந்து நின்றது. நானும் வாசலில் குதித்தேன். அன்று வெயில் வராமலே இருந்திருந்தால் நைனாவுக்கு ஒரு விடையும் கிடைத்திருக்காது. விடை இல்லாமல் பயந்துகொண்டாவது இருந்திருப்போம்.

உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, மறந்துபோன கணக்கை மறக்காததுபோல் நடிக்கிறவர்கள். போன வாரம் என் மகள் வடிவொத்த முக்கோணங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பெரியதில் அவற்றுக்கு நேரான பக்கங்கள் சரியாக இரண்டு மடங்கு. ஒரு கோணமும் சமம். 'ஆகவே இவை வடிவொத்தவை' என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டாள். அவள் சமம் என்று குறித்த கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. வேறொரு மூலையில் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். "ரெண்டு மார்க் கணக்கும்மா. இதுக்குப் போயி ஏம்மா இவ்ளோ டென்ஷன்?" என்றாள். நான் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

செஞ்சியில் கோட்டைக்குக் கிழக்கே, மலை இறங்கித் தெருவாகிற இடத்தில் எங்கள் ஓட்டு வீடு. முன்வாசல் சமதரை. பின்பக்கம் கதவைத் திறந்தால் சரிவு. அந்தச் சரிவில் கொஞ்சம் மேலே ஒற்றைத் தைலமரம் நின்றது. வெயில் காலத்தில் அதன் பட்டை சுருள் சுருளாக உரிந்து எங்கள் கிணற்றடியில் விழும். அதை எடுத்து அடுப்புப் பற்றவைப்போம். மழை பெய்தால் வீடு முழுக்கத் தைல வாசனை. அந்த ஐப்பசியில் அந்த வாசனையோடு சாம்பிராணிப் புகையும், பூண்டும், பால் வாசனையும் சேர்ந்துகொண்டன. அம்மா பின்னறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். தம்பி துணித்தூளியில் ஒரு பூசணிப் பிஞ்சு அளவுக்கு இருந்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, தொண்டூரிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய சட்டங்கள் கடுமையானவை. பச்சை உடம்புக்காரியின் மேல் காற்றுப் படக் கூடாது. பின்னறைச் சன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகி, தாய் கோயிலுக்குப் போய் வரும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. அம்மா குளிக்கிற வெந்நீரில் போட தினமும் தைல இலை வேண்டும். அதற்கு மரத்தடிக்குப் போகிறவளும் அத்தைதான்.

மரம் சாய்ந்திருப்பதை முதலில் பார்த்தவளும் அவள்தான். ஒருநாள் காற்று ஊளையிட்டு அடித்து ஓய்ந்த காலையில் இலை பறிக்கப் போனவள், "இன்னாடா தம்பி, மரம் நம்ம வூட்ட எட்டிப் பாக்குது?" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நைனா சிரிக்கவில்லை. மரத்தின் மேட்டுப் பக்கம் மண் விண்டு, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரத் தைலமரம் சோப்புக்கட்டி மாதிரி சார். ஏறினா நான் மொதல்ல வுழுவேன், அப்புறம்தான் மரம். காயட்டும், வர்றேன்," என்று போய்விட்டார். காயவில்லை. கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி மேகத்துக்குள் போனது போனதுதான்.

அப்போது வீட்டுக்கு முன் ஒரே கேள்விதான் இருந்தது. மரம் விழுந்தால் பின்னறை வரைக்கும் வருமா, வராதா? வரும் என்றால் அம்மாவை ஈரக்காற்றில் வெளியே தூக்கிப் போக வேண்டும். வராது என்றால் அவள் அங்கேயே படுத்திருக்கலாம்.

நைனா கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் மேற்பார்வை வேலை பார்த்தார். தெருவில் யாருக்கு எதை அளக்க வேண்டியிருந்தாலும் அவர்தான். பழுப்புத் தோல் உறைக்குள் சுருண்டிருக்கும் அவருடைய துணி டேப்பை வேறு யாரும் தொட முடியாது. அளக்கும்போது அக்கா முனையை அழுத்திப் பிடிக்க வேண்டும். உறையை வைத்துக்கொண்டு நடந்து போய் எண்ணைப் படிக்கிறவர் நைனா. எப்போதும் அப்படித்தான். அந்த டேப் பிறகு எங்கே போனதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் தேடியிருக்கிறேன்.

ஒன்பது பத்துக்கு வெயில் வந்ததும் முன்வாசலில் மூன்றடிக் குச்சி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டார். நிழல் நான்கடி. உடனே பின்னால் ஓடி மரத்தின் நிழலை அளந்தார். அது மலைப்பக்கமாகச் சரிவில் ஏறிக் கிடந்தது. நாற்பதடி. நிழலில் முக்கால் பங்கு உயரம்.

எதிர்வீட்டுத் தையல்காரர் கத்திரியோடு வந்து நின்றார். "இன்னா சார், தப்பிச்சோமா?"

"முப்பதடிதான் மரம். செவுரு முப்பத்தெட்டுல இருக்குது. வேரோட வுழுந்தாலும் எட்டடிக்கு அந்தாண்டயே நின்னுடும்."

"நான் அப்பவே சொன்னேன், இந்த மரம் நம்மள ஒண்ணும் பண்ணாது," என்று அத்தை இலை பறிக்கப் போனாள். அம்மா உள்ளிருந்தபடியே, "மாதாவே," என்று பெருமூச்சு விட்டது சாக்கைத் தாண்டிக் கேட்டது.

அக்கா மட்டும் டேப் முனையை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் பார்த்துக்கொண்டிருந்தது குச்சியையா மரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் நைனா வேலைக்குப் போன பிறகு இன்னொரு முறை கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. இப்போது மரத்தின் நிழல் மறுபக்கம் திரும்பி, சரிவில் இறங்கி, எங்கள் ஓட்டைத் தாண்டித் தெருவில் போய்ப் படுத்திருந்தது. ஒரு கறுப்புக் கோடு எங்கள் கூரைக்குக் குறுக்கே கிடந்ததை முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா தையல்காரரின் குட்டி டேப்பைக் கேட்டு வாங்கி, என்னை முனையைப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்துச் சந்து வழியாக ஐந்தைந்து அடியாக அளந்தாள். முன்வாசல் குச்சியின் நிழலையும் அளந்து கணக்குப் போட்டாள். எழுபதடி வந்தது.

சாயங்காலம் நைனா சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "காலைல முப்பதடி, சாயங்காலம் எழுபதடி. நாளைக்கு விடியறதுக்குள்ள ராஜகிரிய தாண்டிடுமா?"

"ரெண்டுமே தப்பு நைனா. காலைல நெழலு மேட்டுல ஏறிச்சு, சுருங்கிப்போச்சு. இப்ப பள்ளத்துல எறங்கிச்சு, நீண்டுபோச்சு. நம்ம குச்சி மட்டத் தரையில நேரா நிக்குது. மரம் அப்படியா நிக்குது?"

"சூரியன் ஒண்ணுதானே? வெயிலு சாயற கோணம் குச்சிக்கும் மரத்துக்கும் ஒண்ணுதானே?"

"அந்தக் கோணம் போதாது நைனா. அடியில இருக்கற கோணம். குச்சிக்கும் அதோட நெழலுக்கும் நடுவுல இருக்கறது. மரத்துக்கும் அதே கோணம் இருந்தாத்தான் ரெண்டு முக்கோணமும் ஒரே மாதிரி."

"எத்தினி கட்டடம் அளந்திருக்கேன் தெரியுமா? எனக்கே கோணம் சொல்லித் தர்றியா?" அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. உள்ளிருந்து அம்மா, "அவ சொல்றத ஒருவாட்டி கேளுங்களேன்," என்றாள். "நீ பேசாம படு. காத்து பூந்துடப் போவுது," என்றார் நைனா.

அவர் அளந்து பழகியதெல்லாம் சுவர்களும் தூண்களும். அவர் கட்டிய இடத்திலெல்லாம் தரை மட்டமாகவும் சுவர் நேராகவும்தான் இருக்கும். அப்படி இருக்க வைப்பதுதான் அவருடைய வேலை. அடிக்கோணத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. அதுமட்டுமில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது. அம்மா படுத்திருக்கிற இடத்திலேயே படுத்திருக்கலாம் என்று ஒரு எண் சொல்லியது. அந்த எண் வந்ததும் அவர் அளப்பதை நிறுத்திவிட்டார். நானும் என் மகள் விஷயத்தில் எத்தனையோ தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஒருமுறை காட்டிய வெப்பமானியை மறுபடி வைத்துப் பார்க்கவே மாட்டேன்.

மறுநாள் அக்கா என்னைத் தையல்காரர் கடைக்கு அழைத்துப் போனாள். அவருடைய பெரிய கத்திரியையும், நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியையும் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தாள். இரண்டையும் ஒரே அளவுக்கு வாயைத் திறந்து வைத்தாள். "இது குட்டி, அது அம்மா. ஒரே மூஞ்சி, பாத்தியா?" பிறகு பெரியதின் வாயை மட்டும் இன்னும் அகலமாகத் திறந்தாள். "கத்தி நீளம் மாறிச்சா? மாறல. ஆனா நுனிக்கு நுனி எவ்ளோ தூரம் போயிடுச்சு பாரு. நைனா சின்னக் கத்திரியப் பாத்துப் பெரிய கத்திரிக்கு அளவு சொல்றாரு. ரெண்டும் ஒரே மாதிரி தொறந்திருக்குதான்னு பாக்கல."

"நைனாகிட்ட இதச் சொல்லிடாதம்மா. என் கத்திரிய புடுங்கிடப் போறாரு," என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மரத்தைச் சரியாக அளக்க அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. அதே சரிவில், மரத்துக்குப் பக்கத்தில், மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவே சாய்த்து ஒரு குச்சி நட வேண்டும். அப்போது இரண்டுக்கும் அடிக்கோணம் ஒன்று. வெயில் வந்தால் நிழல்களை அளந்து விகிதம் போட்டுவிடலாம். மரம் பக்கவாட்டில் தெரிகிற சமையல்கட்டு வாசலில் நின்று அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சேற்றில் குச்சியைப் பிடித்துக்கொண்டு அசைத்தேன். "இன்னும் சாய்... போதும், போதும். கொஞ்சம் நிமித்து... அப்படியே இரு." குச்சியும் மரமும் அவள் கண்ணுக்கு ஒரே போக்கில் வந்ததும் சுற்றிலும் கல் அடுக்கி இறுக்கினோம்.

நைனா அதைப் பார்த்தார். "குச்சிக்கும் சீக்கு வந்துடுச்சா?" என்றார். பிடுங்கிப் போடவில்லை.

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். வெயில் வரவேயில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். கோட்டையின் மூன்று மலைகளும் தெரியவில்லை. பகலிலும் விளக்கு போட வேண்டியிருந்தது, கரண்ட் இருந்தால். பின்னறைச் சுவரில் கை வைத்தால் சில்லென்று ஒட்டியது. கோட்டைக் குரங்குகள் மழைக்கு ஒதுங்கி ஊருக்குள் இறங்கிப் புளியமரங்களில் அப்பிக்கொண்டிருந்தன. எங்கள் தைலமரத்துக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. "குரங்குத் தொல்லை வுட்டுதுடா சாமி," என்று அத்தை வடகத்தை முறத்தோடு அடுப்பங்கரையில் காயவைத்தாள்.

அப்படி ஒரு நாளில் நைனாவுக்கு மேல்சித்தாமூரில் வேலை. காலையிலேயே போய்விட்டார். மழை தூறலாக இருந்தது. காற்று இல்லை. அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஓர் இலைகூட அசையவில்லை. அக்கா சமையல்கட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். கை நின்றது. எழுந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடினாள்.

"நீ குச்சியத் தொட்டியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா தொடல."

அவள் மழையில் ஓடிப்போய்க் குச்சியைச் சுற்றியிருந்த கற்களைப் பார்த்தாள். நாங்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. திரும்பி வந்து மறுபடி கண்ணை மூடிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடியில் ஒட்டி நின்ற குச்சியும் மரமும் மேலே போகப் போக விலகியிருந்தன. கத்திரி வாய் திறந்ததுபோல்.

"அப்ப நகந்தது மரம்தான்," என்றாள்.

அத்தையிடம் சொன்னபோது அவள் பின்னறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "பத்தாவது படிச்சா பெரிய இவளா நீ? ஒங்கப்பன் அளந்து சொல்லிட்டான், எட்டடி எடம் இருக்குதுன்னு. பச்ச ஒடம்புக்காரிய இந்த ஈரக்காத்துல இழுத்துனு போயி சன்னி வந்தா, ஒன் குச்சி வந்து வைத்தியம் பாக்குமா?"

"அத்தை, அது தப்பான அளவு. மரம் நைனா சொன்னத விட நீளம்."

"எவ்ளோ நீளம்? சொல்லேன்."

அக்காவால் சொல்ல முடியவில்லை. வெயில் வரவில்லையே. அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா உள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "குச்சி நகரலன்னு ஒனக்கு நிச்சயமா தெரியுமா?" என்று அக்காவைக் கேட்டாள். "தெரியும்மா." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ தொடலியே?" நான் தலையாட்டினேன். அம்மா தூளியிலிருந்து தம்பியை எடுத்தாள்.

"அண்ணி, வழி வுடுங்க."

"நான் சொல்றத கேக்க மாட்ட?"

"நாளைக்குத் திட்டிக்கோங்க அண்ணி. இப்ப வழி வுடுங்க."

அம்மா தெருவைக் கடந்தது எனக்கு இன்றும் மெதுவாகத்தான் நடக்கிறது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தம்பி. அக்கா பிடித்த குடை போதவில்லை. தையல்காரர் ஓடிவந்து, தைக்க வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணிச் சுருளை முழுக்கப் பிரித்து அம்மாவின் தலைமேல் போட்டார். நீலத் துணி நனைந்து கறுத்தது. அத்தை வரவில்லை. "என் தம்பி அளந்து சொன்ன வூடு. நான் எங்கியும் வரல," என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தையல்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு நடுக்கம் கண்டது. தம்பி பாலுக்கு அழுதான். எதிரில் வாசலில் நின்று அத்தை கைதட்டிக் கேட்டாள்: "வுழுந்துச்சாடி ஒன் மரம்? இன்னும் எம்மா நேரம் ஆவுமாம்?" தெருவில் இரண்டொருவர் சிரித்தார்கள். அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மரம் சீக்கிரம் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அத்தையின் கோபம் எப்போதும் ரொம்ப நேரம் தாங்காது. கொஞ்ச நேரத்தில் குரலை இறக்கி, "நடுங்குறாளா? சரி சரி, ரூம்ல தணல் போட்டு சூடு பண்ணி வைக்கிறேன். ஆனதும் கூட்டினு வாங்க," என்றாள். தணல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துணி கிழிகிற சத்தம் கேட்டது. தையல்காரர் யார் துணியைக் கிழிக்கிறார்கள் என்று மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது வேர். பிறகு ஒரு பெரிய மூச்சு. பிறகு ஓடுகள், வெகுநேரம் ஓடுகள் விழுந்துகொண்டேயிருந்தன. தெரு முழுக்கத் தைல வாசனை அடித்தது.

தூளி கட்டியிருந்த உத்திரம் அம்மாவின் பாய்மேல் கிடந்தது. அத்தையைக் கதவு நிலைக்குப் பக்கத்திலிருந்து தையல்காரரும் மற்றவர்களும் இழுத்தார்கள். நிலைதான் காப்பாற்றியது. உயிரோடிருந்தாள். இடது கை மட்டும் சட்டத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. "கொழந்த? கொழந்த?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள், நாங்கள் வெளியே போனதை அவளே பார்த்திருந்தும் அதை மறந்துவிட்டு. அந்த முழங்கை அப்புறம் நேராகவேயில்லை. சாகும்வரை ஒரே கோணத்தில் மடிந்தே இருந்தது.

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். மேல்சித்தாமூருக்கு ஆள் போய்ச் சொல்ல, நைனா அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. பார்க்க வந்த பெண்கள் அக்காவைச் சுற்றி நின்றுகொண்டு, "பச்ச ஒடம்போட தெருவுல கூட்டியாந்தியாமே? யாருடி சொன்னது?" என்று கேட்டார்கள். எதிரில் கிடந்த மரத்தை அவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். "நைனா வரட்டும்," என்று அக்கா என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும்தான்.

மறுநாள் காலை வெயில் வந்தது. அதன் பின்னாலேயே நைனா வந்தார். சட்டையெல்லாம் ஓட்டுத் தூசி, அத்தையைத் தூக்கியதில் ஒட்டியது. தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தம்பியின் உள்ளங்காலைத் தொட்டார். வெளியே வந்து தெருவைக் கடந்து, சந்து வழியாகப் பின்பக்கம் போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே பின்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால்.

சரிவில் எங்கள் குச்சி இன்னும் சாய்ந்தபடியே நின்றது. பக்கத்தில் இப்போது ஒன்றும் இல்லை. காலை வெயிலில் அதற்கு மட்டும் ஒரு சின்ன நிழல் இருந்தது. நைனா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து, டேப்பின் முனையை உருவினார். அக்கா வழக்கம்போல் கையை நீட்டினாள். அவர் முனையைக் கொடுக்கவில்லை. உறையை அவள் கையில் வைத்தார். முனையைப் பிடித்துக்கொண்டு மேலேறிப் போய், பெயர்ந்த வேருக்குப் பக்கத்தில் சேற்றில் குந்தி உட்கார்ந்து, அதை மரத்தின் அடியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

"நான் முனையப் புடிச்சிக்கிறேன்," என்றார். "நீ உச்சி வரைக்கும் போயி, இன்னா வருதுன்னு பாத்துச் சொல்லும்மா."